வாசலில் நின்ற அரசன்

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். எந்த நாடு என்று கேட்காதீர்கள். எல்லா நாட்டுக்கும் பொருந்துவான். தன் பட்டங்களைக் கேட்பதில் அவனுக்கு அடங்காத ஆசை.

அவனுடைய பிறந்தநாள் விருந்தன்று கட்டியம் கூறுபவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அரசவை விகடன் வெள்ளியப்பனை ஒழித்துக்கட்டக் காத்திருந்த அமைச்சன் திருமலைக்கொழுந்து முந்திக்கொண்டான்.

"மன்னர் பெருமானே, இன்று வெள்ளியப்பன் கட்டியம் கூறட்டும். செய்யவேண்டியதை நான் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு படி பிசகினாலும் அவனை நாடு கடத்திவிட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

"கேள், வெள்ளியப்பா. மன்னர் வாசலில் நிற்பார். நீ பட்டங்களைச் சொல். முதல் பட்டம் கேட்டதும் எல்லோரும் குனிந்து வணங்குவார்கள். நீ சொல்லும்போது யாராவது அசைந்தால் அவமரியாதை, முதலிலிருந்து தொடங்கு. எல்லாம் சொல்லி முடித்த பிறகே மன்னர் உள்ளே வரலாம்."

"ஏதும் விட்டுப்போகவில்லையே, அமைச்சரே?"

"உன் மூளையா எனக்கு?"

மண்டபத்தில் இலை போட்டாயிற்று. அரசன் வாசலுக்கு வந்தான்.

"மூவுலகும் அஞ்சும் வேந்தே!" என்றான் வெள்ளியப்பன். எல்லோரும் குனிந்தார்கள்.

"அசைந்துவிட்டார்கள்" என்றான். அவர்கள் நிமிர்ந்ததும், "மூவுலகும் அஞ்சும் வேந்தே!"

மறுபடி குனிந்தார்கள். மறுபடி முதலிலிருந்து. நெய் உறைந்தது. அப்பளம் நமுத்தது.

"போதும்!" என்று கத்தினான் அரசன்.

"போதும் என்றால் நிறுத்தச் சொல்லி அமைச்சர் சொல்லவில்லையே, அரசே. மூவுலகும்…"

அரசன் அமைச்சனை முறைத்தான். அமைச்சனுக்கு வியர்த்தது. "அப்படியானால்… யாரும் வணங்க வேண்டாம்."

"என்னை வணங்க வேண்டாமா?"

பசி அரசனை வென்றது. "வெள்ளியப்பா, நீயே வழி சொல்."

"குனிந்தவர்கள் குனிந்தபடியே இருக்கட்டும், அரசே. மறுபடி குனிய வேண்டியிராது. அமைச்சர் சொன்ன எந்தப் படியும் மீறப்படாது."

அப்படியே செய்தார்கள். பட்டங்கள் நீண்டுகொண்டே போயின. அமைச்சனின் இடுப்பில் 'மளுக்' என்று ஒரு சத்தம். அவன் அசையவில்லை.

கடைசிப் பட்டமும் முடிந்தது. அரசன் பாய்ந்து வந்து இலைமுன் உட்கார்ந்தான். மற்றவர்கள் நிமிர்ந்தார்கள். அமைச்சன் மட்டும் வளைந்தே நின்றான்.

"நிமிரும், அமைச்சரே."

"முடியவில்லை, மன்னா."

"இவர் நிமிர என்ன செய்வது, வெள்ளியப்பா?"

"தெரியாது, அரசே. குனிவதுவரைதான் அவர் சொல்லிக்கொடுத்தார்."

அரசனுக்குப் புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெள்ளியப்பனுக்குப் போட்டான்.