பத்துக்கு எத்தனை?

"ஊசி பொய் சொல்லுது, டீச்சர்."

சுடலைமுத்து ஊசிப்பெட்டியை மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

மனுஷருக்கு ஐம்பத்தாறு வயது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பெண்டாட்டி பேச்சித்தாய்க்கு முதுகெலும்பில் புற்றுநோய் பரவிய பிறகு அக்குபங்சர் படிக்க வந்தார். சொல்லிக்கொடுத்த ஜன்னத் டீச்சருக்கு முப்பத்துமூன்று. படிக்க வந்த இடத்தில் வயசைப் பார்த்தால் ஆகுமா?

"என்ன பொய், அண்ணாச்சி?"

"தினமும் சாயங்காலம் ஊசி போடுதேன். எடுத்ததும், வலி பத்துக்கு எத்தனைன்னு கேக்குதேன். ரெண்டுன்னு சொல்லுதா."

"நல்லதுதானே."

"நேத்து குளிக்கப் போனா. குழாய் ரொம்ப நேரமா ஓடுதேன்னு கதவைத் தள்ளினேன். சேலைத் தலைப்பை வாயில திணிச்சுக்கிட்டு உக்காந்து அழுதா, டீச்சர்."

டீச்சர் தண்ணீர் கொடுத்தார். சுடலைமுத்து குடிக்கவில்லை.

"ஆஸ்பத்திரி மாத்திரையும் இப்பல்லாம் மத்தியானம் வரைக்கும்தான் கேக்குது. நான் எந்த இடத்துலதான் தப்பாக் குத்துதேன்? சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்."

"தப்பா எங்கேயும் குத்தலை."

"அப்ப ஏன் குறையலை?"

"சில பேருக்குக் குறையும். கொஞ்சம். கொஞ்ச நேரம்."

"அவளுக்கு?"

டீச்சர் இல்லை என்று தலையாட்டினார்.

பிறகு அவரே கேட்டார். "ரெண்டுன்னு உங்ககிட்ட ஊசியா சொல்லுச்சு?"

"இல்ல. அவதான் சொன்னா."

"அவங்க ரெண்டுன்னு சொன்னதும் நீங்க என்ன செய்வீங்க?"

"நோட்டில எழுதுவேன். குறைஞ்சிட்டு வருதுன்னு பக்கத்து வீட்டுல போய்ச் சொல்லுவேன். அதுக்கப்புறம்தான் எனக்குச் சோறே இறங்கும்."

"ஒம்பதுன்னு என்னைக்காவது சொல்லியிருக்காங்களா?"

"முதல் வாரம் ஒருநாள் சொன்னா."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு நான் சாப்பிடலை."

டீச்சர் ஊசிப்பெட்டியை எடுத்தார். அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இன்னைக்கு வெறுங்கையோட வீட்டுக்குப் போங்க."

"போய்?"

"அவங்க பக்கத்துல உக்காருங்க. எதுவும் கேக்காதீங்க."

"உக்காந்தா வலி போயிருமா?"

"போகாது."

சுடலைமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறியது. "போகாதுன்னு சொல்லவா இத்தனை மாசம் படிக்க வச்சீங்க?"

டீச்சர் எழுந்துபோய், வெளியே காத்திருந்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வழியெல்லாம் டீச்சரைத் திட்டிக்கொண்டேதான் சுடலைமுத்து வீடு வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கோபம் அடங்கிவிட்டது. கையில் ஒன்றுமில்லாமல் அவள் முன்னால் போய் நிற்க அவருக்குப் பயமாக இருந்தது.

பேச்சித்தாய் கட்டிலில் கிடந்தாள். வழக்கம்போல் கையை நீட்டினாள்.

"ஊசி இல்ல, பேச்சி."

"பெட்டியை மறந்துட்டீங்களா?"

"டீச்சர் வாங்கி வச்சுக்கிட்டாங்க."

அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். நீட்டிய கையைப் பிடித்தார். பழக்கத்தில் விரல் நாடியைத் தேடியது. விரலை எடுத்துவிட்டு, உள்ளங்கையைச் சும்மா பிடித்துக்கொண்டார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"இன்னைக்கு எத்தனைன்னு கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"நெசமாத்தானா?"

"நெசமாத்தான்."

பேச்சித்தாய் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப, நான் கொஞ்சம் கத்திக்கிடட்டுமா?"