எங்கே நின்று பார்த்தாய்?

முன்னொரு காலத்திலே, அதாவது உங்கள் தாத்தாவின் தாத்தாவையே யாரோ கதை சொல்லித் தூங்கவைத்த காலத்திலே, வெண்பாடி என்றொரு நாடு இருந்தது. கடலோர நாடு. எங்கே பார்த்தாலும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பு நெடுக வெள்ளை உப்பு, அங்கங்கே ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைகள்.

உப்பளத்தில் கண்ணை நம்பக் கூடாது. தண்ணீரும் வெயிலும் சேர்ந்துகொண்டு காலையில் ஒன்றைக் காட்டும், மத்தியானம் வேறொன்றைக் காட்டும். அதனால் அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம். சாட்சி சொல்ல யார் வந்தாலும் நீதிபதி முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்கே நின்று பார்த்தாய்?" கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போய், அதே நேரத்தில் அவரும் நின்று பார்ப்பார். வழக்கு ஆமை வேகத்தில்தான் நகரும். ஆனால் ஊருக்குள் நிம்மதி இருந்தது.

அரசன் மகுடவர்மனுக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. அவசரக்காரன். அவசரக்காரனைத் தேடி ஏமாற்றுக்காரன் வருவான் என்பது உலக நடப்பு. வந்தான், மாயகண்டன் என்கிற மந்திரவாதி. கையிலே ஒரு செம்புக் கிளி.

"மகாராஜா, இதைச் சபையில் தொங்கவிடுங்கள். இதன் நிழலில் நின்று மனசறிந்து பொய் சொன்னால் இது சிறகடிக்கும். இனி நீதிபதி எதற்கு, நடை எதற்கு?"

கிளி தொங்கியது. நீதிபதிகள் வீட்டுக்குப் போனார்கள். 'மனசறிந்து' என்று அவன் சொன்னானே, அந்தச் சொல்லை ஒருவரும் கவனிக்கவில்லை. மாயகண்டன் மட்டும் அந்த நிழலில் கால் வைப்பதே இல்லை. அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். மந்திரத்துக்கும் ஒரு சட்டம் உண்டு: செய்தவனையே அது காட்டிக்கொடுத்தால், அவன் போட்ட கட்டெல்லாம் அவிழ்ந்துபோகும்.

கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒருவன் "ஆமாம்" என்றான், கிளி அசையவில்லை. இன்னொருவன் "இல்லை" என்றான், அப்போதும் அசையவில்லை. அரசன் குழம்பினான். மாயகண்டன் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னான்: "ஆளுக்கொரு உண்மை, மகாராஜா. அவனவன் கண்ணில் படுவது அவனவன் உண்மை. இதில் எதை எடுப்பது என்று என்னைக் கேளுங்கள்."

அரசன் கேட்டான். நாடே கேட்டது. யார் மாயகண்டனைக் கும்பிட்டார்களோ அவர்கள் உண்மை ஜெயித்தது.

அரசனின் ஒரே மகன் அமுதனுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. மீசை முளைக்காத பிள்ளை, ஆனால் கூர்மையானவன். "அப்பா, ஒருநாள் மாயகண்டரும் கிளிக்குக் கீழே நிற்கட்டுமே" என்று தந்தையிடம் தனியாகச் சொன்னான். தனியாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டான். தூணுக்குப் பின்னால் ஒரு தாடி இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் உப்பளத்துக்குப் போன இளவரசன் திரும்பி வரவில்லை.

உப்பள வேலைக்காரன் இருளப்பனைக் கட்டி இழுத்து வந்தார்கள். அவன் கையில் இளவரசனின் சிவப்புச் சால்வை, நனைந்து சொட்டியது. மூன்று பேர் சாட்சி சொன்னார்கள்.

காவல் பரண்காரன் சங்கிலி சொன்னான்: "இருளப்பன் பலகையை ஓங்கினான், இறக்கினான். இளவரசரைக் காணோம்." கிளி அசையவில்லை.

மோர்க்காரி பூவாயி சொன்னாள்: "பலகை இறங்குச்சு. அலறல் கேட்டுச்சு." கிளி அசையவில்லை.

குதிரைக்காரன் கொண்டையன் சொன்னான்: "சால்வை தண்ணியில மிதந்துச்சு. அதை இவன் எடுத்துச் சுருட்டினான்." கிளி அசையவில்லை.

இருளப்பன் சொன்னான்: "பாம்பு ஒண்ணு இளவரசர் மேல பாய்ஞ்சுது, மகாராசா. உப்பு வாருற பலகையால அடிச்சேன். நிமிர்ந்து பார்த்தா அவரைக் காணோம். சால்வை மட்டும் கிடந்துச்சு."

அப்போதும் கிளி அசையவில்லை.

"மூன்று உண்மைக்கு முன்னால் ஒரு உண்மை எம்மாத்திரம்?" என்றான் மாயகண்டன். பிள்ளையை இழந்த அரசன் யோசிக்கும் நிலையில் இல்லை. "நாளை உச்சிப்பொழுதில் இவன் கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்குங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

இருளப்பனின் மனைவி பேச்சி கூட்டத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டு நினைத்துப் பார்த்தாள். நாலு பேர் சொன்னார்கள், நாலு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் யாரிடமும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கவில்லையே.

பொழுது விடியும்போது பேச்சி காவல் பரணுக்குக் கீழே நின்றாள்.

"அண்ணாச்சி, நீரு எங்கே நின்னு பார்த்தீரு?"

"இங்கேதான் தாயி. ஏறி வா."

ஏறினாள். பரண் மேற்கே இருந்தது. எதிரே சூரியன் கிளம்பிக்கொண்டிருந்தது. கண் கூசியது. உப்பளத்தில் நின்ற ஆளும் கம்பமும் பறவையும் எல்லாம் ஒரே கருப்பு.

"பலகை இறங்கினதுக்கு அப்புறம் என்ன பார்த்தீரு அண்ணாச்சி?"

"ஒரு பூநாரை எழும்பிப் பறந்துச்சு."

"அதைச் சபையில சொல்லலையே?"

"யாரும் கேக்கலையே தாயி."

பேச்சி ஓடினாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கடற்கரையில் கல்லை உருட்டும் சத்தம் கேட்டது.

"மதினி, நீ எங்கே நின்னு பார்த்தே?"

மோர்க்காரி பூவாயி ஒரு உப்புக் குவியலைக் காட்டினாள். பேச்சி அதன் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ஆளின் தோளுக்குக் கீழே எதுவும் தெரியாது. பலகை எதன் மேல் இறங்கியது என்பது தெரியவே தெரியாது.

"அலறினது யாரு மதினி?"

"இளவரசர்தான். அடி விழுந்ததும் அலறினா வேற யாரு?"

"அவர் குரல் எப்படி இருக்கும்?"

"புல்லாங்குழல் மாதிரி..." பூவாயி பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்தது. "ஏ பேச்சி, அது கட்டைக் குரல். வயசான ஆம்பளைக் குரல்."

பேச்சி மறுபடி ஓடினாள். அவள் நிழல் காலடிக்குள் சுருங்கிக்கொண்டு வந்தது. உப்பு வெட்டி உள்ளங்காலில் ரத்தம் கசிந்தது. தெற்கு வரப்பில் கொண்டையன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்க எங்கே நின்னு பார்த்தீங்க?"

"இந்தா, இங்கேதான். இருளப்பன் எனக்கு முதுகு காட்டி நின்னான். முன்னால நடந்தது எதுவும் தெரியல. சால்வையை எடுத்ததுதான் தெரிஞ்சுது."

"அந்தப் பக்கம் வேற யாராவது போனாங்களா?"

கொண்டையன் சுற்றுமுற்றும் பார்த்தான். "போனாரு. மாயகண்டர் போனாரு. இடது காலை இழுத்து இழுத்துப் போனாரு. பெரிய இடத்துச் சமாசாரம், நம்ம எதுக்குச் சொல்லணும்னு..."

பேச்சி நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாள். பறந்த பூநாரை. வயசான ஆளின் அலறல். நொண்டிப் போன மந்திரவாதி. பாம்பை அடித்தேன் என்ற புருஷன். நாலும் நாலு உண்மை அல்ல, ஒரே உண்மையின் நாலு ஓரம்.

தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன? அவன் பெரிய மந்திரவாதி, இவள் உப்பு வாருகிறவன் பெண்டாட்டி. நீயா அவனைக் குற்றம் சொல்கிறாய் என்று நாக்கை அறுப்பார்கள். பேச்சி கரைக்கு வந்தபோது இருளப்பன் கழுத்தில் கயிறு ஏறியிருந்தது. அரசன் பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தான். பந்தலில் செம்புக் கிளியும் தொங்கியது, எல்லோரும் பார்த்துப் பயப்படட்டும் என்று.

"மகாராசா" என்று காலில் விழுந்தாள் பேச்சி. "உசிரைக் கேக்க வரல. ஒரு சொல்லைக் கேக்க வந்தேன்."

"என்ன சொல்?"

"ஆளுக்கொரு உண்மைன்னு சாமி சொன்னாரே, அந்தச் சொல்லாலதான் என் புருஷன் சாகப்போறான். அதைக் கிளி நிழல்ல நின்னு சாமி ஒரு தடவை சொல்லட்டும். காதால கேட்டுட்டு, தாலியை நானே கழட்டி வச்சிட்டுப் போயிடுறேன்."

 மாயகண்டன் சிரித்தான். "கிளியைச் செய்தவனுக்கே சோதனையா? நல்ல வேடிக்கை."

அரசனுக்கு அப்போதுதான் மகன் தூணருகே சொன்னது நினைவுக்கு வந்தது.  "சொல்லிவிடுங்கள் மாயகண்டரே. ஒரு சொல்தானே."

மாயகண்டன் கணக்குப் போட்டான். நேற்று எங்கே இருந்தாய் என்று கேட்டால்தானே ஆபத்து? இது வெறும் தத்துவம். தத்துவத்தில் பொய் ஏது? இடது காலை இழுத்துக்கொண்டு வந்து நிழலில் நின்றான்.

"உண்மை என்று தனியாக ஒன்றும் கிடையாது" என்றான். "பார்ப்பவன் கண்ணில் படுவதுதான் உண்மை. இளவரசனுக்கு என்ன ஆனது என்பதும் அப்படித்தான்."

கிளி சிறகடித்தது.

முதலில் மெல்ல அடித்தது. பிறகு பந்தலே ஆடும்படி அடித்தது. ஏன் அடிக்காது? இளவரசனுக்கு என்ன ஆனது என்று உலகத்தில் ஒருவனுக்கு மட்டும் தெளிவாகத் தெரியும். யார் எங்கே நின்று பார்த்தாலும் நடந்தது ஒன்றுதான் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அப்படி ஒன்று இல்லை என்றான்.

பேச்சி எழுந்து நின்றாள். "சாமி, நேத்து விடியக்காலம் நீங்க எங்கே நின்னு பார்த்தீங்க?"

மாயகண்டன் வாயைத் திறந்தான். வந்தது சீறல்தான். கட்டு அவிழ்ந்து அவனுடைய மனித வேஷம் கலைந்தது. தாடி சுருங்கியது, கை ஒட்டிக்கொண்டது, உடம்பு நீண்டது. வால் நசுங்கிய ஒரு கருநாகம் மணலில் புரண்டு, உப்பு காயத்தில் பட்டு எரிய, கடலுக்குள் ஓடியது. அப்புறம் அதை ஒருவரும் பார்க்கவில்லை. செம்புக் கிளி அறுந்து விழுந்து வெறும் செம்பாகக் கிடந்தது.

உப்பளத்தின் நடுவே, ஒற்றைக் காலில் நின்ற ஒரு பூநாரை இரண்டாவது காலையும் ஊன்றியது. ஊன்றியது மனிதக் கால். தலையெல்லாம் உப்புப் படிய, நடுங்கிக்கொண்டு இளவரசன் அமுதன் நடந்து வந்தான். நேராக இருளப்பனிடம் போய் அவன் கழுத்துக் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தான். பேச்சி அதுவரை விழுங்கி வைத்திருந்த அழுகையை எல்லாம் அங்கே வைத்து அழுதாள். அழட்டும், அழ வேண்டிய இடம்தான் அது.

அரசன் மகனைக் கட்டிக்கொண்டான். பிறகு பேச்சியிடம், "என்ன வேண்டும் கேள் தாயே" என்றான்.

"சாட்சி சொன்ன மூணு பேரையும் ஒண்ணும் செய்யாதீங்க மகாராசா. அவங்க பொய் சொல்லல. பார்த்தது கொஞ்சம், மிச்சத்தை நினைச்சுக்கிட்டாங்க."

"என்னையும் மன்னித்துவிடு. என் கண்ணுக்கும் இவன் குற்றவாளியாகத்தான் தெரிந்தான்."

பேச்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். குரல் தணிந்துதான் வந்தது.

"நீங்க எங்கே நின்னு பார்த்தீங்க, மகாராசா?"

அரசன் திரும்பித் தன் ஆசனத்தைப் பார்த்தான். அந்த இரண்டு நாளில் அவன் அதைவிட்டு ஓரடிகூட நகர்ந்து போய்ப் பார்த்திருக்கவில்லை.

மெல்ல வந்து, பேச்சியின் காலில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தான். தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உப்பளத்துக்குள் இறங்கி, சங்கிலியின் பரணை நோக்கி நடந்தான்.

நீதிபதிகள் திரும்பி வந்தார்கள். வெண்பாடியில் வழக்குகள் மறுபடி ஆமை வேகத்தில் நகர்ந்தன. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் அல்லவா? அதில் முதல் இரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதை விழுங்கிவிடுகிற ஆட்கள் இன்றைக்கும் உண்டு. அவர்களைக் கண்டால், தாடி இருக்கிறதோ இல்லையோ, நொண்டுகிறதா என்று காலைப் பாருங்கள்.

உப்பு இருக்கும் வரை இந்தக் கதை இருக்கும். கேட்டவர் நாவில் ருசி இருக்கும்.