மூன்று சொல் தீர்ந்த பிறகு

அல்லிக்குளத்தின் கரையில் ஓர் அழுங்கு இருந்தது. பெயர் சில்லு. உடம்பெல்லாம் செதில். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பகை வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பசி வந்தால் கறையான் புற்றைத் தோண்டும். இந்த இரண்டையும் விட்டால் அதற்கு வேறு வித்தை தெரியாது.

"நெருப்புத் துப்புவியா?" என்று தவளைகள் கேட்டன.

"துப்ப மாட்டேன்."

"மின்னல் வீசுவியா?"

"வீச மாட்டேன்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல களத்துல இறங்கப்போறே?"

"வடிவு இருக்கிற தைரியத்துலதான்!" என்றது சில்லு.

இந்தக் காட்டை வரைபடத்தில் தேடாதீர்கள். இது ஒரு விளையாட்டுக்குள் இருக்கும் காடு. இங்கே மனிதர்களுக்கு ஒரே வேலை, விலங்குகளைப் பழக்கிக் களத்தில் மோதவிடுவது. ஜெயித்தால் விலங்குக்கு ஒரு படி ஏறும். சில்லு இன்னும் முதல் படியைத் தாண்டவில்லை. அதைப் பழக்கும் பெண்தான் வடிவு.

வடிவு சில்லுவைப் பழக்கிய விதத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. மற்றவர்கள் "ஓடு, தாவு, கடி" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் புற்றின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சில்லு, நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்பாள். அது யோசிக்கும் வரை காத்திருப்பாள். சில நாள் அது யோசித்து முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். அழுங்கிடம் ஆலோசனை கேட்கிறவள் என்று அவளுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் அல்லிக்குளமே பந்தயமாக வந்தது. ஜெயிக்கிற பக்கத்துக்கு ஒரு வருஷம் குளம் சொந்தம். தோற்கிற பக்கம் பாறைமேட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. வடிவுக்கு எதிராகக் களம் இறங்கியவர் சூரசிம்மன். அவர் பக்கம் முழுக்கக் காட்டுப்பன்றிகள். அவை குளத்தில் ஒரு வாரம் புரண்டால் போதும், அல்லியும் இருக்காது, தவளையும் இருக்காது, கரையில் ஒரு புற்றும் மிஞ்சாது.

சூரசிம்மனின் சால்வையில் ஒன்பது வாகைப்பூக்கள் தைத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வெற்றி. எல்லாம் பேரிடி வாங்கிக் கொடுத்தவை. பேரிடி என்பது பத்தாம் படிப் பன்றி. அது தரையை மிதித்தால் பொறி பறக்கும். அவ்வளவு பலசாலியை அவர் எப்படிப் பழக்கியிருந்தார் தெரியுமா? அவர் சொல்லாமல் அது வாலைக்கூட ஆட்டாது. "என் சொல் இல்லாம இவன் ஒரு அடி வைக்கமாட்டான்!" என்று மார்தட்டிக்கொள்வார்.

களத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. பழக்குகிறவர் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் மூன்றே முறைதான் வாய் திறக்கலாம். ஒவ்வொரு முறைக்கும் நடுவர் நாரை ஒரு கூழாங்கல்லைக் குளத்தில் போடும். மூன்று கல் விழுந்ததும் அவர் களத்துக்கு முதுகைக் காட்டிக் குளத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட வேண்டும். நான்காவது முறை வாய் திறந்தால் தோல்வி. ஆனால் அப்படிப் பிழையால் கிடைக்கும் வெற்றிக்குக் குளம் உண்டு, வாகைப்பூ கிடையாது.

பேரிடியின் ஆட்டங்கள் இரண்டாவது சொல்லிலேயே முடிந்துவிடும். மூன்றாவது சொல்லை அது கேட்டதே இல்லை. ஆனாலும் சூரசிம்மனுக்கு உள்ளுக்குள் ஓர் உதறல். சுருண்ட அழுங்கை உடைக்க யாராலும் முடியாதே! ஆட்டத்துக்கு முந்தின நாள் அவர் கரிச்சான் குருவியைக் கூப்பிட்டார். எந்தக் குரலையும் அச்சாகப் பேசுகிற குருவி அது.

"வடிவு மாதிரிப் பேசுவியா?"

"சில்லு, நீ என்ன நினைக்கிறே?" என்றது கரிச்சான், வடிவின் குரலிலேயே!

சூரசிம்மன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பலே! நாளைக்குக் குளக்கரை மருதமரத்துல உக்காந்துக்கோ. பேரிடி பாயும்போது 'விரி'ன்னு கத்து. ஆனா மூணுக்கு மேல போயிடாதே. எனக்குக் குளமும் வேணும், பத்தாவது பூவும் வேணும். ரொம்ப அவசியம்னா நானே கையைத் தூக்குவேன். அப்ப மட்டும் நாலாவதைச் சொல்லு."

"அப்படியே ஆகட்டும்!" என்றது கரிச்சான், இப்போது சூரசிம்மன் குரலில். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

விடிந்தது. களத்தைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. களம் குளத்தை நோக்கிச் சரிந்த மண்தரை. அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. எதிரியைக் கோட்டுக்கு வெளியே தள்ளினால் வெற்றி.

"முதல் படி வந்திருக்குடோய்! கொஞ்சம் வழி விடுங்க!" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். சில்லு காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடிவு குனிந்து அதன் முதுகைத் தடவினாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான். போயிட்டு வா."

நாரை ஒற்றைக் காலில் நிமிர்ந்தது. "ஆட்டம் தொடங்கட்டும்!"

"பாய்!" என்று முழங்கினார் சூரசிம்மன். பேரிடி பாய்ந்தது. சில்லு சட்டென்று சுருண்டது.

"விரி!" என்று வடிவின் குரல் கேட்டது.

வடிவின் சொல் அல்லவா! சில்லு விரிந்தது. பேரிடியின் கோரைப்பல் அதன் விலாவில் இடித்தது. சில்லு பத்தடி உயரம் பறந்து விழுந்தது. ஒரு செதில் பெயர்ந்து மண்ணில் கிடந்தது.

"ஐயோ! நான் சொல்லலை! அது நான் இல்லை!" என்று அலறினாள் வடிவு.

நாரை ஒரு கல்லைப் போட்டது. இன்னொரு கல்லையும் போட்டது. "முதலில் சொன்னது ஒன்று. இப்போது அலறியது இரண்டு. வாய் திறந்தால் அது சொல்தான், அம்மா."

வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சில்லு அந்த அலறலைக் கேட்டுவிட்டது. வடிவு சொல்லவில்லை என்றால் வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது மறுபடி இறுகச் சுருண்டது.

"மிதி!" என்றார் சூரசிம்மன். பேரிடி ஏறி மிதித்தது. பொறி பறந்தது. சில்லு அசையவில்லை.

"விரி! விரிடா சில்லு!" என்றது வடிவின் குரல்.

சில்லு விரியவில்லை. வடிவு அதை ஒருநாளும் 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை! ஆனால் நாரைக்கு அது எப்படித் தெரியும்? மூன்றாவது கல் விழுந்தது. "திரும்பி உட்காருங்கள், அம்மா."

வடிவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு சொல்கூட அவள் தன் அழுங்குக்காகச் சொல்லவில்லை. மூன்றும் போய்விட்டன. களத்துக்கு முதுகைக் காட்டிக் குளக்கரையில் உட்கார்ந்தாள். எதிரே தண்ணீருக்குள் நாரை நின்றது.

அப்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. குரலைத் திருடியவன் மூன்றோடு நிறுத்துவானா? நான்காவதையும் திருடினால் குளமே போய்விடுமே! நான் பேசவில்லை என்று எப்படி நிரூபிப்பது? பேசித்தானே நிரூபிக்க வேண்டும்?

அவள் குனிந்தாள். இரண்டு கையாலும் குளத்துத் தண்ணீரை அள்ளினாள். வாய் நிறைய வாங்கிக்கொண்டாள். இரண்டு கன்னமும் பணியாரம் போல உப்பிவிட்டன. நாரை கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. தண்ணீர் குடிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அது தடுக்கவில்லை.

களத்தில் சூரசிம்மன் பொறுமை இழந்தார். "முட்டு!" என்று கத்தினார். பேரிடி முட்டியது. சுருண்ட சில்லு உருண்டது, உருண்டது, கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. கூட்டம் மூச்சை விட்டது.

நாரை சூரசிம்மனின் மூன்றாவது கல்லைப் போட்டது. "நீங்களும் உட்காருங்கள், ஐயா."

இப்போது இரண்டு பேரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். களம் அமைதியானது. பேரிடி நடுக்களத்தில் நின்றது. அடுத்த சொல்லுக்காகக் காத்தது. வரவில்லை. இன்னும் காத்தது.

சில்லு மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. நீ என்ன நினைக்கிறே என்று கேட்க இன்றைக்கு வடிவு இல்லை. சில்லு தன்னைத் தானே கேட்டுக்கொண்டது. கொஞ்ச நேரம் யோசித்தது. அதற்கு அவசரமே இல்லை. பிறகு மெல்ல எழுந்து, நொண்டிக்கொண்டே பேரிடியின் காலடிக்கு வந்து, குளத்துச் சரிவின் பக்கமாகத் தோண்ட ஆரம்பித்தது.

"அக்கா, நீ திரும்பாதே! நான் பார்த்துச் சொல்றேன்!" என்று ஒரு தவளை வடிவின் பக்கத்தில் துள்ளியது. "சில்லு தோண்டுது! பன்றியோட காலுக்குக் கீழேயே தோண்டுது!"

வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டு கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பேரிடி கீழே குனிந்து பார்த்தது. "என்ன பண்றே?"

"குழி தோண்டறேன்."

"என் காலுக்குக் கீழேயா?"

"ஆமா."

"இதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"உனக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லலையே!" என்றது பேரிடி பாவமாக. நின்றது நின்றபடியே நின்றது. ஒரு முட்டு முட்டினால் போதும், ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் முட்டச் சொல்லத்தான் ஆள் இல்லை!

கறையான் புற்றையே பிளக்கிற நகம். சரிவான மண். குழி மளமளவென்று ஆழமானது. "முன்னங்கால் இறங்குது!" என்றது தவளை. "பின்னங்கால் வழுக்குது! அக்கா, மண்ணு சரியப்போகுது!"

சூரசிம்மன் காதிலும் அது விழுந்தது. பூ போனால் போகட்டும், குளமாவது மிஞ்சட்டும்! அவர் கையைத் தூக்கினார்.

"தோண்டு சில்லு, தோண்டு!" என்று வடிவின் குரல் கணீரென்று கேட்டது.

"நான்காவது!" என்று கூட்டம் அதிர்ந்தது. சூரசிம்மன் துள்ளி எழுந்து நின்றார். சிரித்துக்கொண்டே வடிவைக் கைகாட்டினார்.

நாரை நான்காவது கல்லை அலகில் எடுத்தது. எடுத்தபடியே வடிவைப் பார்த்தது. உப்பிய கன்னம் உப்பியபடியே இருந்தது. ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. அவள் கண் மட்டும் கெஞ்சியது.

நாரை கல்லைக் குளத்தில் போடாமல் கரையில் வைத்தது. "வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு யாராலும் பேச முடியாது. பேசியவர் வேறு யாரோ. இந்த மரத்தில் யார்?"

மருதமரத்தின் இலைகள் சலசலத்தன. "நான் இல்லை! நான் இல்லவே இல்லை!" என்று பதறியது கரிச்சான், பயத்தில் வடிவின் குரலிலேயே!

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் களத்தில் மண் பொத்தென்று சரிந்தது. பத்தாம் படிப் பேரிடி மண்ணோடு மண்ணாக வழுக்கிக்கொண்டு வந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, குளத்தில் தொப்பென்று விழுந்தது. கரையில் இருந்த எல்லார் மேலும் தண்ணீர் தெறித்தது. சூரசிம்மன் மேல் கொஞ்சம் அதிகமாகவே தெறித்தது.

"வெற்றி சில்லுவுக்கு! குளம் வடிவின் பக்கத்துக்கு!" என்றது நாரை.

வடிவு தண்ணீரைத் துப்பினாள். ஓடினாள். மண் அப்பிய அழுங்கை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் ஒரு சொல்லும் சொல்லலையே, சில்லு! எல்லாம் நீயேதான் பண்ணினே! என் தங்கமே!" என்று சிரித்தாள், அழுதாள். ஊர் சிரித்த நாளெல்லாம் ஒரே நொடியில் கரைந்துபோயின. தலையை அவ்வளவு நிமிர்த்தி அவள் நின்றதை அந்தக் காடு அதுவரை பார்த்ததில்லை. தவளைகள் தொண்டை வறளக் கத்தின.

நாரை வாகைப்பூவை நீட்டியது. வடிவு அதைத் தன் தோளில் தைத்துக்கொள்ளவில்லை. சில்லுவின் விலாவில் செதில் பெயர்ந்த இடத்தில் செருகினாள்.

சூரசிம்மன் விடுவிடென்று பாறைமேட்டுப் பக்கம் நடந்தார். பேரிடி மட்டும் சேறு சொட்டச் சொட்டக் குளத்திலேயே நின்றது. போகச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை.

வடிவு அதன் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "பேரிடி, நீ என்ன நினைக்கிறே?"

பேரிடி திகைத்துப்போனது. வாழ்நாளில் அதை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெகுநேரம் யோசித்தது. காதை ஆட்டியது, வாலை ஆட்டியது, யாரும் சொல்லாமலே!

"எனக்குப் பசிக்குது," என்றது கடைசியில்.

"நல்ல யோசனை!" என்றது சில்லு. "எனக்கும்தான்!"

சொன்னதை மட்டும் செய்யப் பழக்குகிறவர் சொல் தீர்ந்ததும் தோற்றுப்போவார்; யோசிக்கப் பழக்குகிறவர் வாய் திறக்காமலே ஜெயிப்பார்.