நன்னீர் மன்றத்தில் மீன் சாகாது

“என் குழுவில் ஒரு சண்டை கிடையாது. ஒரு தடித்த வார்த்தை கிடையாது. அப்படியிருந்தும் யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். ஏனம்மா?”

வேதநாயகம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார்.

தமயந்தி திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கை வரை கண்ணாடித் தொட்டிக்குள் விட்டுப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“உள்ள வாங்க சார். கதவைச் சாத்துங்க, பூனை வந்துடும்.”

வியாசர்பாடி வீட்டுவசதிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. ஒரே அறை. அந்த அறைக்குள் ஒன்பது மீன்தொட்டிகள். மிச்ச இடத்தில் ஒரு பாய், ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு. தமயந்தி தபால் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். மதியத்துக்குமேல் வீட்டில்தான் இருப்பாள். வயது முப்பத்திரண்டு.

வேதநாயகத்துக்கு அறுபத்தொன்று. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைவிடச் சின்னவளிடம் பாடம் கேட்கப் போகிறோமே என்று பஸ்ஸில் வரும்போதே கூச்சமாக இருந்தது. ஆனால் வேறு யாரிடம் கேட்பது?

இரண்டு பேருக்கும் மீன் வளர்ப்பதில் ஆசை. மீன் வளர்ப்பவர்களுக்காக ஆளுக்கொரு வாட்சப் குழுவும் நடத்துகிறார்கள்.

அவளுடையது ‘தொட்டித் தெரு’. விடிந்தால் போதும், சந்தைக்கடைதான். கிண்டல், கேலி, வம்பு. ஆனால் ஒருவர் வீட்டு மீன் சாய்ந்து நீந்துகிறது என்றால் ஆறு பேர் போன் செய்துவிடுவார்கள்.

அவருடையது ‘நன்னீர் மன்றம்’. முதல் தொட்டி வாங்கிய வாரத்திலேயே குழுவையும் தொடங்கிவிட்டார். புத்தகம் பார்த்தும் சொந்த யோசனையிலும் நாற்பது விதிகள் எழுதிப் போட்டார். இருநூறு பேர் சேர்ந்தார்கள். இப்போது நூற்று முப்பது. அந்த நூற்று முப்பது பேரும் மூச்சு விடுவதில்லை.

மனைவி போன பிறகு அவருக்கு இருந்த பேச்சுத்துணை அந்தக் குழு ஒன்றுதான். “மூடிடுங்கப்பா, எதுக்கு வீண் மனக்கஷ்டம்” என்று மகள் சொல்லிவிட்டாள். இந்த மாதக் கடைசியில் மூடிவிடலாம் என்று அவரும் பாதி முடிவுக்கு வந்திருந்தார். முழங்காலில் நின்றும் கேட்டுப் பார்த்தார். வாட்சப் குழுவுக்காகவெல்லாம் ஜெபம் பண்ணலாமா என்று அதிலும் ஒரு குழப்பம்.

“உங்க குழுவுல இதுவரைக்கும் எத்தனை செத்துது சார்?” என்று கேட்டாள் தமயந்தி.

“எது?”

“மீனு.”

“எங்கள் மன்றத்தில் மீன் சாகாதம்மா.”

சுரண்டிய கை நின்றது.

“விதி பதினொன்று,” என்றார் வேதநாயகம். “செத்த மீன் படமோ செய்தியோ போடக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு மனசு சங்கடம். போட்டால் உடனே நீக்கிவிடுவேன்.”

“அடேங்கப்பா! எமனுக்கே சட்டம் போட்டுட்டீங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

“உங்க வீட்டுல?” என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“செத்தால்... அதே நிறத்தில் வேறொன்று வாங்கி விட்டுவிடுவேன்.”

தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து மூலையிலிருந்த பழைய தொட்டிக்குப் போனாள். தண்ணீரை வடிகட்டும் ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை உருவினாள். கறுப்பும் பழுப்புமாக, சாக்கடையில் கிடந்தது போல் இருந்தது. அதை ஒரு கவரில் போட்டு, அந்தத் தொட்டித் தண்ணீரையே ஊற்றி முடிச்சுப் போட்டாள். இன்னொரு கவரில் நாலு கப்பி மீன்களைப் பிடித்து விட்டாள்.

“புதுத் தொட்டி ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்னீங்களே போன்ல? அதுல இந்த ஸ்பாஞ்சைப் போடுங்க. மீனை விடுங்க. பத்து நாள் கழிச்சு வாங்க.”

“நான் குழுவைப் பற்றியல்லவா கேட்டேன்?”

“ஆமா சார்.”

அவ்வளவுதான். மறுபடியும் பாசியைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டாள்.

வேதநாயகம் இரண்டு கவரையும் மடியில் வைத்துக்கொண்டு பெரம்பூருக்கு பஸ் ஏறினார். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். நல்ல பெண்தான், ஆனால் சுத்தம் போதாது என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்குச் சுத்தம்தான் முதல். அவர் மன்றத்தின் மூன்றாவது விதியே அதுதான்: ஃபில்டர் ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும் வரை கழுவ வேண்டும்.

கழுவினார். குழாயைத் திறந்துவிட்டு, பிழிந்து பிழிந்து, அரை மணி நேரம். கடைசியில் ஸ்பாஞ்ச் இட்லி மாதிரி ஆனது. அதைப் புதுத் தொட்டியில் வைத்து மீனை விட்டார். தண்ணீர் அப்படியொரு தெளிவு. தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஒன்று போனது. ஆறாம் நாள் இரண்டு. எட்டாம் நாள் கடைசி மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தார். மன்றத்தைத் திறந்தார். விதி பதினொன்று நினைவுக்கு வந்தது. மூடிவிட்டார்.

மத்தியானம் அதுவும் போய்விட்டது.

பத்து நாள் முடியும்வரை காத்திருக்க அவரால் முடியவில்லை. மறுநாளே போய் நின்றார்.

“நேற்றோடு நாலும் போச்சம்மா. நீங்கள் கொடுத்த மீன் நோய் மீனா?”

“ஸ்பாஞ்சை என்ன பண்ணீங்க?”

“கழுவித்தான் போட்டேன். வெள்ளை வெளேரென்று.”

தமயந்தி தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ சார்... மீனோட கழிவைத் தின்னு விஷத்தை முறிக்கிற கிருமியெல்லாம் அந்த அழுக்குலதான் குடியிருக்கு. அதுக்காகத்தான் பழைய தொட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். குழாய்த் தண்ணியில கிருமியைக் கொல்ற மருந்து இருக்கும். அத்தனையும் ஒரே கழுவுல போயிருக்கும்.”

வேதநாயகம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“அப்படியானால் நான்தான்...”

“இருங்க.”

அவள் போனை எடுத்தாள். கட்டைவிரல் இரண்டும் ஓடின. எழுதி முடித்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். தொட்டித் தெருவில் அவள் போட்டிருந்தது:

‘நேத்தோட நாலு கப்பியைக் கொன்னுட்டேன். ஒருத்தருக்குப் பழைய ஸ்பாஞ்ச் குடுத்தேன், கழுவாதீங்கன்னு சொல்லல. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சது என் தப்பு.’

“நீங்கள் எங்கே கொன்றீர்கள்? கழுவியது நானல்லவா?”

“நானும்தான் சார்.”

“என் பெயரையே போடவில்லையே?”

“அது உங்க வேலை. எங்க தெருவுல ஒரே பழக்கம்தான். செத்தா அன்னைக்கே சொல்லணும். நான் ஒரு நாள் லேட்டு.”

அதற்குள் போன் கிணுகிணுக்க ஆரம்பித்துவிட்டது.

‘அக்கா, சதம் அடிச்சாச்சா?’

‘தலைவியே இப்படின்னா தொண்டன் கதி என்ன?’

‘நான் ஒருதரம் மீனுக்குக் குளிருமேன்னு வெந்நீர் ஊத்தினேன். கொழம்பு வெக்காத குறைதான்.’

கடைசியில் ஒன்று, தயங்கித் தயங்கி எழுதியது போல: ‘வணக்கம். நான் நேத்துதான் சேந்தேன். எனக்கும் ரெண்டு செத்துப் போச்சு. இங்க சொல்லலாமான்னு தெரியாம இருந்தேன்.’

வேதநாயகம் அதை இரண்டு முறை படித்தார்.

“எனக்குப் புரியவில்லையம்மா. மீனைக் கொன்றவர்களாக ஒரு கூட்டம். இவர்களை நம்பி ஒருவர் எப்படி யோசனை கேட்பார்?”

“கொல்லாதவங்க யாராவது இருந்தா சொல்லுங்க சார், நானும் போய்க் கேக்கறேன்.”

அவள் எழுந்து அடுப்பில் டீ வைத்தாள். அவருக்குப் பதில் சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது.

வேதநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் போனை எடுத்தார். நன்னீர் மன்றத்தைத் திறந்தார். எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் வாக்குமூலத்தையெல்லாம் தடுமாறாமல் எழுதிய கை, இப்போது நாலு வரிக்குத் திணறியது.

‘அன்பர்களுக்கு வணக்கம். நேற்றோடு என் தொட்டியில் நான்கு மீன்கள் இறந்துவிட்டன. ஸ்பாஞ்சை நான் குழாயில் கழுவியதுதான் காரணம். இதற்கு முன்பும் பல இறந்திருக்கின்றன. யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். வேதநாயகம்.’

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். உதடு அசைந்தது. இந்த முறை ஜெபம் சரியா தப்பா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

டீ கொதித்தது. ஒன்றும் வரவில்லை.

தமயந்தி டம்ளரை நீட்டினாள். ஒன்றும் வரவில்லை.

“போய்விட்டார்கள் போலிருக்கிறது,” என்றார்.

போன் ஒருமுறை அதிர்ந்தது.

‘சார், உங்க வீட்டுலயும் சாகுமா?’

அடுத்தது உடனே வந்தது. ‘மூணாம் விதி நீங்க எழுதினதுதானே சார்? நானும் வெள்ளையாகிற வரைக்கும் கழுவினேன். ஒம்பது மீன்.’

‘எனக்கு ஏழு. விதிப்படிதான் கழுவினேன்.’

‘மீன் வளக்கவே நமக்கு ராசியில்லைன்னு தொட்டியைத் தூக்கிக் குடுத்துட்டேன் சார். என் பொண்ணு ரெண்டு நாள் சாப்பிடல.’

‘நான் மட்டும்தான் இப்படின்னு நெனச்சிட்டிருந்தேன்.’

‘நானும்.’

‘நானும்.’

வேதநாயகம் கையிலிருந்த டம்ளரை மறந்து போனையே பார்த்தார். டீ வேட்டியில் சிந்தியதுகூட அவருக்கு உறைக்கவில்லை. ஒன்பது, ஏழு, பதினொன்று என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் அவர் எழுதிய விதியால் போனவை. ஒருவராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தார். எங்கே சொல்லியிருப்பார்கள் என்றும் நினைத்தார்.

“அம்மா, இவர்கள் என்னைத் திட்டுகிறார்களா, ஆறுதல் சொல்கிறார்களா?”

தமயந்தி அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் படித்தாள்.

“எனக்கும் தெரியல சார். கலந்து கட்டி வருது.”

இன்னொன்று வந்தது. அதைப் படித்ததும் வேதநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

“‘யோவ்’ என்று எழுதியிருக்கிறாரம்மா. என்னை. ‘யோவ், ஒரு வருசமா எங்களை ஊமையாக்கி வெச்சிருந்தியேய்யா’ என்று.”

“யாரு?”

“விருத்தாசலத்துக் கொளஞ்சிநாதன். சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷர்.”

அவர் விரல் பழக்க தோஷத்தில் அந்தச் செய்தியின்மேல் போய் அழுத்தியது. நீக்கவா என்று கேட்டது போன்.

தமயந்தி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன சார், அவ்வளவுதானா அவரு எழுதினது?”

வேதநாயகம் விரலை எடுத்துவிட்டார். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையின் உச்சியில் ஓடிய எழுத்தை உற்றுப் பார்த்தார்.

“இல்லையம்மா,” என்றார். “இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.”