திருப்பித் தராத ரத்தம்

தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். இதில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை. சங்கடமே அதுதான்.

டாக்டர் மங்கையர்க்கரசி, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் ரத்த நோய்களை ஆராய்கிறவள். பரிசோதனைக்கு ரத்தம் கேட்டு ஆலமடுவு என்ற மலையூருக்கு அவள் முதன்முதலாகப் போனபோது, ஊரார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். உடம்பை விட்டு வந்த ரத்தம் ஊர் மண்ணுக்குத்தான் சேர வேண்டும், வெளியே தங்கினால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர்கள் வழக்கம். சோதனை முடிந்ததும் மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் கொண்டுவந்து தருவதாக மங்கை வாக்குக் கொடுத்தாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்ற நல்ல செய்தியோடு ரத்தத்தையும் கொண்டுவந்தாள். ஊரே கூடி ஓடைக்கரையில் குழி வெட்டி அதை ஊற்றியது. இப்படி ஒரு நாணயமான டாக்டரைப் பார்த்ததில்லை என்று சொல்லி, தேன் கொடுத்து வழியனுப்பினார்கள்.

அந்தத் தேனை அவளால் வாயில் வைக்க முடியவில்லை. ஒவ்வொருவர் ரத்தத்திலும் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில் வைத்துவிட்டுத்தான் அவள் மலையேறியிருந்தாள். பின்னால் நல்ல சோதனை முறை வந்தால் உதவுமே என்ற எண்ணம். எண்ணம் நல்லதுதான், செய்தது திருட்டு. அது அவளுக்கும் தெரியும்.

சில வருடங்களில் அப்படி ஒரு முறை வந்தது. உறைந்திருந்த ரத்தத்தை எடுத்துப் பார்த்தாள். மாதி என்ற பெண்ணின் மகள் ரங்கிக்கும், மாதியின் அண்ணன் மகன் கெம்பனுக்கும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகை நோயின் கூறு இருந்தது. தனித்தனியாக இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. இருவரும் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. நோய் வந்த பிள்ளை ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முறைப்பெண்ணும் முறைப்பையனுமான அவர்களுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்று மங்கைக்குச் செய்தி வந்தது.

உடன் வேலை செய்யும் டாக்டர் இருதயராஜிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சுலபமாக வழி சொன்னார். புதிதாக ரத்தம் எடுத்து, இப்போதுதான் தெரிந்ததுபோலச் சொல்லிவிட்டால் போயிற்று. பழைய விஷயம் வெளியே வந்தால் சுற்றியுள்ள ஊர்களும் கதவைச் சாத்திவிடும், எத்தனையோ ஜோடிகள் சோதனையே இல்லாமல் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்றார்.

மங்கை ஊசியும் குழாயும் எடுத்துக்கொண்டு மலையேறினாள். மாதியிடம் போய், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும் என்றாள். மாதி அவள் முகத்தையே பார்த்தாள்.

"அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டீங்களே டாக்டரம்மா. சொன்ன சொல் தவறாம ரத்தத்தையும் திருப்பிக் குடுத்தீங்க. உங்களை நம்பிக் கேக்கறேன், ஏதாச்சும் தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

இவ்வளவு நம்புகிறவளிடம் இன்னொரு பொய் சொல்ல மங்கைக்கு நாக்கு எழவில்லை.

"முழுசா திருப்பிக் குடுக்கலைக்கா" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மாதி கத்தவில்லை. ரங்கியையும் கெம்பனையும் கூப்பிட்டு, அவர்களிடமும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள். கல்யாணத்தை நிறுத்திவைத்தார்கள். பிறகு மாதி பேசினாள்.

"வந்து சொன்னீங்களே, அது வரைக்கும் சரி. மிச்ச ரத்தத்தைக் கொண்டாந்து குடுத்துடுங்க. அப்புறம் இந்தப் பக்கம் வராதீங்க."

விஷயம் மலை முழுக்கப் பரவியது. இருதயராஜ் பயந்தபடியே மற்ற ஊர்களும் ரத்தம் தர மறுத்தன. "உங்க மனசு லேசாகணும்னு மத்த ஊர்ப் பிள்ளைங்களைப் பலி குடுத்துட்டீங்களே" என்று அவர் கொதித்தார்.

பொய் சொல்லியாவது பிள்ளைகளைக் காக்கச் சொன்னவர் இருதயராஜ். உண்மையைச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவள் மங்கை. உண்மையைக் கேட்டுக்கொண்டு, சொன்னவளை வராதே என்றவள் மாதி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாதி செய்ததுதான். மலையில் இருப்பவர்கள் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்து இருதயராஜ் போட்ட திட்டம், ஒரு கேள்விக்கே தாங்கவில்லை. மற்ற ஊர்கள் கதவைச் சாத்தியதற்குக் காரணம் மங்கை ஒளித்துவைத்த ரத்தம்தான், சொன்ன உண்மை இல்லை. ஆனாலும் அவளுக்கு முழு மதிப்பெண் போட முடியாது. மாதி ஒன்றும் கேட்காமல் மகளைக் கையை நீட்டச் சொல்லியிருந்தால், மங்கை ரத்தத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் இறங்கியிருப்பாள். மாதி மட்டும்தான் பிள்ளைகளிடம் எதையும் மறைக்கவில்லை, ஏமாற்றியவளைச் சும்மா விடவும் இல்லை. அன்றைக்கு உண்மையைச் சொன்னாயே என்று யாராவது பாராட்டினால், மங்கை இன்றும் பேச்சை மாற்றிவிடுகிறாள்.