குரல் தின்ன அலமாரி

ஒரு ஊர்ல ஒரு பாழடைஞ்ச வீடு இருந்துச்சாம். அதுல அன்னக்கொடின்னு ஒருத்தியும் அவ புருஷன் வேலப்பனும் குடிவந்தாங்க. கூடவே ஒரு சேவல். கூரையெல்லாம் ஒழுகல், சுவரெல்லாம் விரிசல். கூடத்துல யாரோ விட்டுட்டுப் போன பெரிய மர அலமாரி வேற. "உப்புத்தாள் போட்டுத் தேச்சுப் பெயிண்ட் அடிச்சா புதுசாயிடும்"னா அன்னக்கொடி. ம் கொட்டுறியா? ம்.

மறுநாள் அந்தச் சேவல் அலமாரி முன்னாடி நின்னு "கொக்கரக்கோ"ன்னு கூவுச்சு. கூவினதுதான், சுருண்டு விழுந்துடுச்சு. கொண்டை கறுத்துப் போச்சு, தீனி எடுக்கல. அன்னக்கொடி அதை மடியில போட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் நசுக்கி ஊட்டிக்கிட்டிருந்தா. அப்போ கூடத்துல இருந்து, "கொக்கரக்கோ!" மடியில இருந்த சேவல் வாயே திறக்கல.

"பக்கத்து வீட்டுச் சேவலா இருக்கும்"னான் வேலப்பன்.

பக்கத்துல வீடே கிடையாது.

அப்புறம், பலகை ஆடுதேன்னு வேலப்பன் அலமாரியில ஆணி அடிச்சான். டொக், டொக்... திடீர்னு சத்தம் நின்னுபோச்சு. சுத்தியல் விழுது, ஆணி இறங்குது, சத்தம் மட்டும் இல்ல. அவன் சுத்தியலைக் கீழ வச்சப்புறம், மூடின கதவுக்குள்ள இருந்து மெதுவா, டொக்... டொக்... டொக்.

அப்புறம் ஒரு நாள் உச்சி வெயில். வேலப்பன் கூரை மேல ஓடு மாத்துறான். அன்னக்கொடி கீழ அலமாரியைத் தேய்க்குறா. சரக்... சரக்... உள்ள இருந்தும் யாரோ தேய்க்குறாங்க. சரக்... சரக்...

"யாரு உள்ள?"ன்னா.

அவ்வளவுதான். தொண்டை சில்லுன்னு ஆச்சு, குரல் போயிடுச்சு. கொல்லைக்கு ஓடித் தண்ணி குடிச்சுப் பார்த்தா. ம்ஹூம். அப்போ வீட்டுக்குள்ள இருந்து அவ குரலே கூப்பிடுது: "ஏங்க... கொஞ்சம் உள்ள வாங்களேன்."

கிடுகிடுன்னு இறங்கி வந்தான் வேலப்பன். அன்னக்கொடி விழுந்தடிச்சு ஓடினா. அலமாரி 'ஆ'ன்னு திறந்து கிடக்கு, உள்ள ஒரே இருட்டு. அவன் ஒரு காலை உள்ள வச்சுட்டான். கால் பட்ட சத்தமே இல்ல! வேட்டியைப் பிடிச்சு இழுத்தா பாரு, ரெண்டு பேரும் தொபுக்குன்னு விழுந்தாங்க. கதவு படார்னு சாத்திக்கிச்சு.

"நீதான கூப்ட்ட?"ன்னான். இல்லேன்னு தலையாட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டினா. அவன் முகம் வெளுத்துப் போச்சு. "கொளுத்திடலாம் புள்ள!"

அவ தடுத்தா. கொளுத்தினா உள்ள இருக்கறதும் சேர்ந்து கருகிடுமே! திருப்புளியை எடுத்து, கீல் ஒவ்வொண்ணாக் கழட்டினா. உள்ள இருந்து அவ குரலே, "வேணாம், வலிக்குது"ன்னு அழுவுது. அவ விடல. தடால்னு கதவு விழுந்துச்சு.

அப்போ வந்துச்சு பாரு எல்லாம்! சேவல் கூவல், சுத்தியல் சத்தம், அவ குரல். அவ குரல் அவ தொண்டைக்கே திரும்பிடுச்சு. பின்னாலேயே யாரோ இருமுறது, வளையல் குலுங்குறது, யாரோ சிரிக்கிறது... ஒவ்வொண்ணா வாசலைத் தாண்டிப் போச்சு. சேவல் றெக்கையை உதறி எந்திரிச்சுது.

ஒரு குரல் மட்டும் போகல. சின்னப் பொண்ணு குரல். "நான் எங்க போறது? எங்க வீட்ல யாரும் இல்லியே."

வேலப்பன் பின்னாடி நகர்ந்தான். அன்னக்கொடி ஒரு அடி முன்னாடி வச்சா. அப்புறம், "சரி, இங்கயே இரு"ன்னா.

அந்த அலமாரிப் பலகையில பெஞ்சு செஞ்சு மஞ்சப் பெயிண்ட் அடிச்சாங்க. பொழுது சாஞ்சா அன்னக்கொடி, "சாப்பிட வாங்க"ன்னு கூப்பிடுவா. "இதோ வர்றேன்"னு ரெண்டு குரல் கேக்கும். அவ மூணு தட்டு வைப்பா.

கதை கண்ணை மூடிக்கிச்சு. நீயும் மூடிக்கோ, கண்ணு.