ஒரு வெற்றிலை நேரம், ஒரு மலைப்பாம்பு

சோணங்குறிச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே சந்தைக்குப் போனால் வழி கேட்டுத்தான் வீடு திரும்புவார்கள்.

அங்கே கொம்பையா, சுடலைமுத்து, உடையப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர்கள் இருவருக்கும் எப்படியோ கல்யாணம் ஆகியிருந்தது. தாய்வீடு போன மனைவிமார்தான் திரும்பும் யோசனையில் இல்லை. கடைக்குட்டி உடையப்பனுக்கு மாமன் மகள் பேச்சிக்கனி மேல் உயிர். அவளுக்கும் ஆசைதான். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள். மாமன் சங்கிலிமாடன்தான் பெண் தரத் தயங்கினார்.

மாமன் வீட்டில் பூனைக்குப் பதில் ஒரு மலைப்பாம்பு வளர்ந்தது. பெயர் சீமாட்டி. கடிக்காது, சீறாது, எலி தின்னும், தூங்கும். குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் புறப்பட்ட மாமன், அதை மூங்கில் கூடையோடு கொண்டுவந்து இறக்கினார்.

"மாப்ளைகளா, நான் வர்ற வரைக்கும் இதை ஒழுங்காப் பாத்துக்கிட்டா பேச்சிக்கனி இந்த வீட்டு மருமக. தெனமும் ஒருக்கா வெளிய எடுங்க. ஒரு வெத்தல போடுத நேரம், அவ்வளவுதான். அதுக்கு மேல வச்சிருந்தா அதுக்கு அலுத்துப் போவும். உள்ள வச்சு மூடிரணும். தூங்கிட்டா மட்டும் எழுப்பவும் கூடாது, இழுக்கவும் கூடாது."

மாமன் தெரு தாண்டியதும் மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"வெத்தல போடுத நேரம்னாரே, யாரு போடுத வெத்தல?" என்றான் கொம்பையா.

"பாம்புக்குக் குடுத்துப் பாப்போமா?" என்றான் சுடலைமுத்து.

"வாய் செவந்து போச்சுன்னா மாமா நம்மளைத்தான் கேப்பாரு. அதெல்லாம் வேண்டாம்ணே" என்றான் உடையப்பன்.

மூவருக்கும் வெற்றிலைப் பழக்கம் கிடையாது. வீட்டில் அந்தப் பழக்கம் உள்ளவர் பெரியப்பா மொட்டையாண்டி மட்டும்தான். அவருக்குப் பல் கிடையாது. இடித்துப் போட்டுக்கொள்ள ஒரு சின்ன உரல் வைத்திருந்தார், அதுவும் தொலைந்துவிட்டது. ஆனாலும் ஆள் தோதாகக் கிடைத்தாரே என்று மூவரும் சந்தோஷப்பட்டார்கள்.

பெரியப்பா வெற்றிலையை வாயில் போட்டார். சீமாட்டியை வெளியே எடுத்தார்கள். அது உடையப்பனின் இடுப்பைச் சுற்றிக்கொண்டது.

"பெரியப்பா, முடிஞ்சுதா?"

பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். வெயில் உச்சிக்கு வந்தது. அப்போதும் அதக்கிக்கொண்டிருந்தார். உடையப்பன் வயிற்றுச் சூட்டில் சீமாட்டி நிம்மதியாகத் தூங்கிப் போனது. அதற்குப் பிறகுதான் பெரியப்பா முற்றத்தில் எச்சிலைத் துப்பிவிட்டு, "முடிஞ்சுது" என்றார்.

"உள்ள வைக்கணும்" என்றான் கொம்பையா.

"எழுப்பக் கூடாது, இழுக்கக் கூடாது" என்றான் சுடலைமுத்து.

"எனக்கு இடுப்பு வலிக்கி" என்றான் உடையப்பன். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நெடுநேரம் யோசித்த கொம்பையா, "பாம்பு உள்ள போகணும்னுதானலே மாமா சொன்னாரு. கூட நம்ம தம்பி போகக் கூடாதுன்னு சொல்லலையே?" என்றான். அண்ணனுக்கு இவ்வளவு அறிவா என்று சுடலைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூடைக்குள் உடையப்பனின் ஒரு கால்தான் நுழைந்தது. ஆகவே காலியாகக் கிடந்த நெல்லுக் குதிருக்குள் அவனைப் பாம்போடு இறக்கி மூடினார்கள். பேச்சிக்கனியை நினைத்துக்கொண்டு அவனும் பொறுத்துக்கொண்டான். குதிருக்குள் எலிகள் ஏராளம். சீமாட்டி தின்றது, தூங்கியது, மறுபடி தின்றது. தினமும் இருவரையும் வெளியே தூக்குவார்கள். பெரியப்பா துப்பியதும் உள்ளே இறக்குவார்கள்.

மாமன் திரும்பி வந்து குதிரின் மூடியைத் திறந்தார். சீமாட்டி பளபளவென்று கொழுத்திருந்தது. மருமகன் தலையெல்லாம் உமியோடு கும்பிட்டான்.

மாமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நினைத்துப் பார்த்தார். சொன்னதில் ஒன்றையும் பயல்கள் மீறவில்லை. ஒரு பாம்புக்காக இத்தனை பாடுபட்டவன் பெண்டாட்டியைக் கைவிடுவானா? அவருக்கு மனசு இளகிவிட்டது.

"பொண்ணு உனக்குத்தான்லே. மொதல்ல இவனை வெளிய எடுங்கடா!"

"எடுத்துருதோம் மாமா. பெரியப்பா வெத்தல போடட்டும்" என்றான் கொம்பையா.

மாமன் தலையில் அடித்துக்கொண்டு, பாம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாம்பு போனாலும் அண்ணன்மார் பழக்கத்தை விடவில்லை. கல்யாணத்தன்று பெரியப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்து, வெற்றிலை கொடுத்து, மாப்பிள்ளையைக் குதிரிலிருந்து எடுத்து மணையில் வைத்தார்கள். மேளம் கொட்டியது. மூன்றாம் முடிச்சு விழவும் பெரியப்பா துப்பவும் சரியாக இருந்தது. அண்ணன்மார் ஓடிவந்து மாப்பிள்ளையை மாலையோடு தூக்கிப் போய்க் குதிருக்குள் வைத்து மூடிவிட்டார்கள்.

பேச்சிக்கனி எழுந்தாள். தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, மடித்துப் பெரியப்பா வாயில் வைத்தாள். உடனே மாப்பிள்ளையை வெளியே எடுத்தார்கள்.

இப்போது கொல்லை முழுக்க அவள் நட்ட வெற்றிலைக் கொடிதான். உடையப்பன் தினமும் படுக்கப் போகும் முன் பெரியப்பாவின் வாயைத் திறந்து பார்ப்பான். வெற்றிலை இருந்தால் பாயை விரிப்பான். இல்லாவிட்டால் தலையணையை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே குதிருக்குள் இறங்கிவிடுவான்.